குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது

சனிக்கிழமை காலை பத்தரை மணி. தில்லி கரோல்பாக்கில் பழைய மோட்டார் சைக்கிள் கடைகள் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தன. நடைபாதை முழுக்க வண்டிகள். ஒவ்வொன்றும் துடைத்து, பாலிஷ் போட்டு, கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் மாப்பிள்ளை போல மினுங்கிக்கொண்டிருந்தது. என் மனைவியின் அக்கா மகன் குருகிராமில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஜூலையில் லடாக் போக வேண்டும், அதற்கு ஒரு வண்டி வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகப் பணம் சேர்த்தான். கையில் 1,40,000 ரூபாய். கடைக்காரர் காட்டிய வண்டிக்குச் சொன்ன விலை 1,35,000. பெரிய டேங்க், உயரமான முன் சக்கரம், இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டிகள், பெட்டியில் மலைக் கணவாய்களின் ஸ்டிக்கர்கள். பையன் ஏற்கெனவே மனசைக் கொடுத்துவிட்டான் என்பது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

நான் ஒன்றுமே கேட்காமல் புறங்கையை எஞ்சின் பக்கம் கொண்டுபோனேன். சூடு. “வெயிலில் நின்றது” என்றார் கடைக்காரர். வண்டி நின்றதோ நிழலில்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு முதல் பாடம் இதுதான். நீங்கள் வருவதற்கு முன் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கலாம். சூடான எஞ்சின் சுலபமாக ஸ்டார்ட் ஆகும். காலையில் முதல் முறை உதைக்கும்போது வரும் புகை, தட்டும் சத்தம், பேட்டரியின் பலவீனம் எல்லாம் மறைந்துவிடும். “நாளைக் காலை ஒன்பது மணிக்கு வருகிறோம். அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பையனின் முகம் வாடிவிட்டது. “அதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால், சித்தப்பா?” என்றான். வாங்கினால் வாங்கட்டும். தில்லியில் வண்டிக்குப் பஞ்சமில்லை.

வீடு, ஆபீஸ் என்று ஓடிய வண்டியைப் பார்ப்பது போல நீண்ட பயண வண்டியைப் பார்க்கக் கூடாது. ஆபீஸ் வண்டி ஐந்து ஆண்டில் அனுபவிக்காத கஷ்டத்தை இது பதினைந்தே நாளில் அனுபவித்திருக்கும். மணாலியிலிருந்து லே வரை சுமார் 430 கிலோமீட்டர். 2020இல் அடல் சுரங்கப் பாதை திறந்த பிறகு ரோதாங் கணவாயைத் தவிர்க்கலாம். ஆனால் அதற்கு அப்பால் பாரலாச்சா லாவும் தங்லங் லாவும் அப்படியே இருக்கின்றன. பிற்பகலில் பனி உருகி ரோட்டின் குறுக்கே ஓடும் நாலாக்களும் இருக்கின்றன. முழங்கால் ஆழத் தண்ணீர், கூழாங்கல், சேறு, பின்னால் ஒரு ஆள், பெட்டிகளில் முப்பது கிலோ சாமான். பிறகு வண்டி தில்லிக்கு வரும். தண்ணீர் பட்ட பேரிங்கும் விரிசல் விட்ட ஃப்ரேமும் பாலிஷுக்கு அடியில் இருக்கும்.

எனவே கிலோமீட்டர் கணக்கு பாதிக் கதைதான். மீட்டரையும் நம்பிவிடாதீர்கள். பழைய வண்டிகளில் கேபிளைக் கழற்றிவிட்டால் மீட்டர் நின்றுபோகும். டிஜிட்டல் மீட்டரையும் திருத்த ஆட்கள் இருக்கிறார்கள். கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் ரப்பர், பின் பிரேக் பெடல், ஹேண்டில்பார் கைப்பிடி, சீட் ஓரம் ஆகியவற்றைப் பாருங்கள். 12,000 கிலோமீட்டர் என்று மீட்டர் சொல்லி, பெடல் வழவழவென்று தேய்ந்திருந்தால், பெடல் சொல்வதை நம்புங்கள். சர்வீஸ் பில்கள் இருந்தால் தேதியையும் கிலோமீட்டரையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நடுவில் எண்ணிக்கை குறைந்தால் விஷயம் வெளிப்பட்டுவிடும்.

மறுநாள் எங்களுடன் ஒரு மிஸ்திரியும் வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். என் வண்டிகளை இருபது ஆண்டாகப் பார்க்கிறவர். அவருக்கு நான் கொடுத்தது 800 ரூபாய். பழைய வண்டி வாங்குவதில் இதைவிட லாபமான முதலீடு கிடையாது. அவர் பார்த்த வரிசையை அப்படியே தருகிறேன்.

முதலில் எஞ்சின். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். சைலன்சரில் குளிர்காலக் காலையில் வெள்ளையாக ஆவி வந்தால் பயப்பட வேண்டாம். சிறிது நேரத்தில் மறையும். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கும். செலவு பெரியது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. அது பெரும்பாலும் சரிசெய்யக் கூடியதே. பிறகு ஆயில் மூடியைத் திறந்து விரலால் தொட்டார். ஆயில் கருப்பாக இருப்பது தப்பில்லை. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. குளிர்காலத்தில் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓட்டும் வண்டியில் மூடியில் கொஞ்சம் வெண்மை படிவது சகஜம். உள்ளே இருக்கும் ஆயிலே அந்த நிறம் என்றால் வண்டி நாலாவில் மூழ்கியிருக்கலாம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் அதற்குச் சாட்சி கிடைக்கும். அடியில் காய்ந்த சேறு.

அடுத்து உடம்பு. ஹேண்டில்பார் சேரும் கழுத்துப் பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பெயின்ட் வெடித்திருந்தாலோ, அந்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தாலோ, வண்டி முன்பக்கமாக மோதியிருக்கிறது. ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் வந்து இடிக்கும் இரும்புத் துண்டு நசுங்கியிருந்தாலும் அதே கதை. பின்னால் சீட்டைக் கழற்றி, பெட்டிகள் மாட்டும் கேரியர் எங்கே ஃப்ரேமைப் பிடிக்கிறது என்று பாருங்கள். அதிகச் சுமை ஏற்றிய வண்டிகளில் முதலில் விரிசல் விடுவது அங்கேதான். வெல்டிங் வைத்த தழும்பு இருந்தால் எப்போது, ஏன் என்று கேளுங்கள்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன் சக்கரம் தரையில் படாமல் வைத்து, ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் விழுவது போல இருந்தால் ஹேண்டில் பேரிங் போய்விட்டது. முன் ஃபோர்க்கின் கால்களைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். அசைந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ சக்கர பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. மலை வளைவில் சுமையோடு திரும்பும்போது வண்டி பாம்பு போல நெளிவது இதனால்தான். சக்கரத்தைச் சுழற்றி ரிம் ஓரத்தில் விரலை வைத்தால் கோணல் தெரியும். கம்பிகள் உள்ள சக்கரமானால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் லேசாகத் தட்டுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே நாதம் தர வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி.

செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பல்லில் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லின் பாதி வெளியே தெரிந்தால் செயினுக்கு ஆயுள் முடிந்தது. அப்போது செயினோடு இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. இரு சக்கர வண்டிகளுக்குப் பட்டன் ஆழம் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது நம் மோட்டார் வாகன விதி. ஆனால் பட்டன் ஆழமாக இருந்தாலும் ஆறேழு வயதான ரப்பர் கெட்டிப்பட்டுப் போயிருக்கும். ஈர ரோட்டில் அது பிடிக்காது.

மின்சாரம்: நீண்ட பயண வண்டிகளில் கூடுதல் விளக்கு, ஃபோன் சார்ஜர், ஹாரன் என்று ஆளுக்கு ஒன்றை ஒட்டுப்போட்டிருப்பார்கள். ஃப்யூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஒயர் இருந்தால் நெருப்பை மடியில் கட்டிக்கொள்வதற்குச் சமம். மல்டிமீட்டரில் எஞ்சின் ஓடும்போது பேட்டரி 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து, வண்டி நகர ஆரம்பித்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். கோளாறை மறைக்க விளக்கின் இணைப்பையே யாராவது துண்டித்திருக்கலாம். எஞ்சின் எச்சரிக்கை விளக்குக்கும் இதே விதி.

பெட்ரோல் டேங்கினுள் டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா என்று பாருங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. அதற்கென்று தயாராகாத பழைய வண்டிகளில் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் ஊறியோ வெடித்தோ இருக்கின்றனவா என்று தனியாகக் கவனிக்க வேண்டும்.

பிரேக் பற்றி மட்டும் என் சொந்தக் கதையைச் சொல்கிறேன்.

2011 ஜூன். அன்று நான் வைத்திருந்ததும் பழைய வண்டிதான். ஒரு மாலை நேரத்தில், அரை இருட்டில், அவசரமாக வாங்கியது. எஞ்சின் சத்தம் அருமையாக இருந்தது. அதோடு சரி, வேறெதையும் நான் பார்க்கவில்லை. ரோதாங்கிலிருந்து மணாலிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் மனைவி. இரண்டு பக்கமும் பைகள். முக்கால் மணி நேரமாக இறக்கம். நானும் புது ஆள் போல முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஒரு வளைவுக்கு முன் லீவரை அழுத்தினேன். அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது. பின் பிரேக்கை மிதித்து, கியரைக் குறைத்து, பள்ளத்தாக்குப் பக்கம் போகாமல் மலைப் பக்கச் சேற்றில் வண்டியைச் செருகினேன். மனைவியின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவ்வளவோடு போனது.

காரணத்தை மணாலி மெக்கானிக் சொன்னார். பிரேக் ஆயிலை முந்தைய உரிமையாளர் மாற்றவே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் வெப்பநிலை குறையும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடானதும் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். லீவரை அழுத்தினால் குமிழிதான் நசுங்குமே தவிர, பிரேக் பிடிக்காது. நகரத்தில் இரண்டு வருஷம் ஓட்டினாலும் இந்தக் குறை வெளியே தெரியாது. இறக்கத்தில்தான் தெரியும். பிரேக் ஆயில் கண்ணாடி வழியே இளம் மஞ்சளாகத் தெரிய வேண்டும். டீ டிகாக்ஷன் போல இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. செலவு சில நூறு ரூபாய். என் மனைவிக்கு இன்றும் மழைக்காலத்தில் மணிக்கட்டு வலிக்கிறது.

கடைசியில் ஓட்டிப் பார்த்தல். தெருமுனை வரை போய் வருவது போதாது. அரை மணி நேரம் ஓட்டுங்கள். பின்னால் ஓர் ஆளையும் ஏற்றிக்கொள்ளுங்கள். மேல் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை முறுக்குங்கள். எஞ்சின் அலறி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. காலி ரோட்டில் கைப்பிடியை லேசாகப் பிடித்தால் வண்டி நேராகப் போக வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் ஃபோர்க்கோ ஃப்ரேமோ வளைந்திருக்கலாம். திரும்பி வந்ததும் ஃபோர்க் குழாயைத் துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்து நான்கைந்து முறை அழுத்துங்கள். குழாயில் ஆயில் வளையம் விழுந்தால் சீல் போயிருக்கிறது.

அந்தக் கரோல்பாக் வண்டிக்கு என்ன ஆயிற்று? நீலப் புகை இல்லை. எஞ்சின் நன்றாகவே இருந்தது. ஆனால் சீட்டுக்கு அடியில் இரண்டு இடத்தில் வெல்டிங். ஃபில்டர் பெட்டியில் சேறு. ஹேண்டில் நடுவில் ‘டக்’. மிஸ்திரி ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டார். டயர், செயின் செட், பேரிங்குகள், ஃபோர்க் சீல் எல்லாம் சேர்த்து 26,000 ரூபாய். வெல்டிங்குக்கு நேரே விலை எழுதவில்லை. ஒரு கோடு மட்டும் போட்டார். வண்டியின் பெயரைச் சொல்லவில்லை. குறை அந்தப் பெயரில் இல்லை, அது வாழ்ந்த வாழ்க்கையில் இருக்கிறது.

காகிதங்கள் இன்னும் முக்கியம். கெட்டுப்போன பேரிங்கை மாற்றலாம், கெட்டுப்போன ஆர்.சி.யை மாற்ற முடியாது. எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் உலோகத்தில் பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். சுரண்டிய அடையாளம் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் நடங்கள். போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால் பதிவு, காப்பீடு, புகைச் சான்றிதழ் விவரங்கள் தெரியும். செலுத்தாத அபராதச் சலான்களையும் பாருங்கள். ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் வேண்டும். வண்டி வாடகைக்கு ஓடியதா என்பதையும் கேளுங்கள். கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது தானே ஓட்டிச் செல்லும் வாடகை வண்டி. அது சொந்த உபயோகத்துக்கு முறையாக மாற்றப்பட்டிருக்கிறதா என்பது ஆர்.சி.யில் தெரிய வேண்டும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். வேறு மாநில வண்டியானால் முதலில் அங்கிருந்து படிவம் 28 வழியாக என்.ஓ.சி.; புதிய மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவு எண்ணும் அங்கே சாலை வரியும். காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் அவருடையது. வண்டியோடு உங்களுக்கு வராது.

கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தை வாங்கிக்கொண்டு “பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்” என்று வண்டியைக் கொடுப்பது நாடெங்கும் உள்ள வழக்கம். இது விற்பவருக்குத்தான் முதல் ஆபத்து. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் ஒரு கார் பல கை மாறியிருந்தது. பதிவேட்டில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. விபத்துக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடையில் வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அவர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்றிதழ் பெற்றிருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

தில்லி வட்டாரத்தில் இன்னொன்று. 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கான தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. 2025இல் விஷயம் மறுபடி நீதிமன்றத்துக்கு வந்து உத்தரவுகள் மாறின. பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் மேல் ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் அன்றைய நிலவரத்தை ஆர்.டி.ஓ.வில் கேட்டுவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.

பையன் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு நொய்டாவில் ஒரு வங்கி ஊழியர் விற்பதாகத் தகவல் வந்தது. அதே ரக வண்டி, 21,000 கிலோமீட்டர், 1,28,000 ரூபாய். காலை ஏழரைக்குப் போனோம். எஞ்சின் பனி பட்ட பாறை போலக் குளிர்ந்திருந்தது. ஏன் விற்கிறீர்கள் என்றேன். குழந்தை பிறந்திருக்கிறது என்றார். ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லா சர்வீஸ் பில்லும் இருந்தன. மிஸ்திரி குனிவதற்கு முன்பே அவராகச் சொன்னார்: “இடது ஃபோர்க் சீல் கசிகிறது. சென்ற வருஷம் ஸ்பிதியில் கீழே விழுந்தேன், இடது பக்க லீவர் புதுசு.” மிஸ்திரி ஒரு மணி நேரம் பார்த்தார். அவர் சொன்னதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. ஃபோர்க் சீலுக்காக 2,000 குறைத்துக்கொண்டார். என்.ஓ.சி. கைக்கு வரும் வரை பணத்தின் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கச் சம்மதித்தார். வீட்டு மேஜையிலேயே அதை எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

வண்டி வந்ததும் நேரே லே போகாதே என்று பையனிடம் சொன்னேன். முதலில் ஜெய்ப்பூர் போய் வந்தான். திரும்பியதும் பிரேக் ஆயிலை மாற்றினோம். பழைய ஆயில் அவ்வளவு மோசமாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் மாற்றினோம். என் மனைவி கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.